காற்றைப் பங்கிட்ட தீவு

மனோவா பள்ளத்தாக்கில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மழை பெய்யும். குடையை விரிப்பதற்குள் நின்றுவிடும், மடக்கியதும் மறுபடி தூறும். ஹோனலூலு நகரத்துக்குப் பின்னால் பச்சைச் சுவராக எழுந்து நிற்கும் கோஒலாவ் மலைத்தொடரிலிருந்து கடலை நோக்கி இறங்குகிறது இந்தப் பள்ளத்தாக்கு. அதன் வாசலில்தான் ஹவாய்ப் பல்கலைக்கழகம். வானவில் அங்கே அன்றாடக் காட்சி. பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அணிக்கே வானவில் வீரர்கள் என்றுதான் பெயர். நான் போன காலையிலும் ஒரு வானவில் பாதி வளைந்து நூலகக் கட்டடத்தின் மேல் நின்றது. வளாகத்தில் ஒருவர்கூட அண்ணாந்து பார்க்கவில்லை.

டோல் தெருவில் ஹோம்ஸ் ஹால் என்றொரு பொறியியல் கட்டடம் இருக்கிறது. ஹவாய்க்கு வரும் சுற்றுலாப் பயணிகள் பார்க்கிற இடமல்ல. அதைப் பார்ப்பதற்காகத்தான் நான் பசிபிக் பெருங்கடலின் நடுவரை வந்திருந்தேன். 1971 ஜூன் மாதம் இந்தப் பல்கலைக்கழகத்தில்தான் அலோஹாநெட் என்ற கம்பியில்லாக் கணினி வலையமைப்பு பேசத் தொடங்கியது. பலர் ஒரே அலைவரிசையில், யாரிடமும் அனுமதி கேட்காமல், தோன்றியபோது பேசலாம் என்று முதலில் துணிந்த வலையமைப்பு அது. மின்பொறியாளர்களின் உலக அமைப்பான ஐஇஇஇ 2020-இல் அதைத் தன் மைல்கல் பட்டியலில் சேர்த்தது. வீட்டில் நாலு பேர் ஒரே வைஃபையில் நாலு வேலை பார்க்கிறோமே, அதன் ஊற்றுக்கண் இங்கே இருக்கிறது. நர்மதை அமர்கண்டகத்தில் புறப்படுகிறது என்று படித்துவிட்டு அங்கே போய் நிற்பவர்களின் பரவசம் எனக்கு அந்தச் சாதாரணக் கட்டடத்தின் முன்னால் கிடைத்தது.

இது ஏன் ஹவாயில் நடந்தது என்பதை ஊரைப் பார்த்தால்தான் புரிந்துகொள்ள முடியும். மக்கள் வாழும் தீவுகள் கடலில் சிதறிக் கிடக்கின்றன. பல்கலைக்கழகத்தின் பெரிய கணினி, ஐபிஎம் 360/65, ஓவாஹு தீவில் மனோவாவில் இருந்தது. அதைப் பயன்படுத்த வேண்டிய கல்லூரிகளோ கவாயிலும் மாவியிலும் ஹவாய்ப் பெருந்தீவின் ஹிலோவிலும் இருந்தன. ஹிலோ 300 கிலோமீட்டருக்கும் மேல். நடுவில் ஆழ்கடல். (கவாய் என்றதும் நம்மவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரலாம். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமியின் மரபில் வந்த சைவ மடம் ஒன்று 1970-இல் அந்தத் தீவில்தான் அமைந்தது. பெங்களூர்ப் பக்கம் செதுக்கிய கருங்கற்களைக் கப்பலில் கொண்டுவந்து அங்கே இறைவன் கோயிலைக் கட்டியிருக்கிறார்கள். அதே காலத்தில் பக்கத்துத் தீவில் இன்னொரு கூட்டம் வேறொரு தவத்தில் இருந்தது.)

தொலைபேசிக் கம்பி இருக்கத்தான் செய்தது. ஆனால் அது மனிதர் பேசுவதற்காகப் போட்டது. எண்ணைச் சுழற்றி இணைப்பு வாங்கினால், பேசினாலும் பேசாவிட்டாலும் கம்பி முழுக்க நமக்கே. கணினி முனையத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் ஒரு வரி தட்டுவார், யோசிப்பார், அரை நிமிடம் கழித்து இன்னொரு வரி தட்டுவார். இடைப்பட்ட நேரமெல்லாம் கம்பி சும்மா கிடக்கும், கட்டணம் மட்டும் ஓடும். இந்த விரயம்தான் நார்மன் ஆப்ரம்சன் கண்ணில் பட்டது. பாஸ்டனில் பிறந்தவர், ஸ்டான்ஃபோர்டில் பாடம் நடத்தியவர், அலைச்சறுக்கின் மேல் இருந்த ஆசையால் ஹவாய்க்குக் குடிபெயர்ந்தவர். ஃபிராங்க்ளின் குவோ உள்ளிட்ட சகாக்களுடன் 1968-இல் அவர் இந்த வேலையைத் தொடங்கினார். கம்பி வேண்டாம், ரேடியோ போதும் என்பது முதல் முடிவு. ஒரே ரேடியோ அலைவரிசையை எல்லோருக்கும் எப்படிப் பகிர்வது என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வியின் கடினம் எனக்கு உறைத்த இடம் வைகிக்கி கடற்கரை. அங்கே மோவானா ஹோட்டலின் முற்றத்தில் ஒரு பிரம்மாண்டமான ஆலமரம் நிற்கிறது. நம் ஊர் ஆலமரமேதான், இந்திய வகை. 1904-இல் நட்டது. விழுதுகளைப் பார்த்ததும் பாஷை தெரியாத ஊரில் சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது. 1935-இலிருந்து ஹவாய் கால்ஸ் என்ற வானொலி நிகழ்ச்சி இந்த மரத்தடியிலிருந்துதான் ஒலிபரப்பாயிற்று. பாட்டும் கித்தாரும் சிற்றலையில் கடல் தாண்டி அமெரிக்கப் பெருநிலம்வரை போயின. ஆலமரத்தடியிலிருந்து ஒருவர் பாடி லட்சம் பேர் கேட்பதில் சிக்கல் எதுவும் இல்லை. பாடுகிறவர் ஒருவர், அலைவரிசை ஒன்று, கேட்கிறவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் காற்றுக்குச் சுமை கூடாது. ஆனால் அந்த லட்சம் பேரும் திருப்பிப் பேச ஆரம்பித்தால்? மரத்தடியில் நிற்பவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஒரே அலைவரிசையில் இரண்டு சிக்னல் ஒரே நேரத்தில் வந்தால், கேட்கும் கருவிக்கு இரண்டும் சேர்ந்த குழப்பம்தான் கிடைக்கும். இரண்டும் பாழ்.

இதற்குப் பழைய விடைகள் இரண்டு. அலைவரிசையைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கொரு துண்டு கொடுப்பது ஒன்று. வானொலி நிலையங்கள் இன்றும் அப்படித்தான் இயங்குகின்றன. இல்லையென்றால் நேரத்தைத் துண்டாக்கி, உன் முறை வரும்போது மட்டும் பேசு என்பது இன்னொன்று. இரண்டிலும் பேசாதவனுக்கும் பங்கு உண்டு. விடாமல் பேசுகிறவர்களுக்கு இது நல்ல முறை. அரை நிமிடத்துக்கு ஒரு வரி தட்டுகிறவர்களுக்கு இதைக் கொடுத்தால், தொலைபேசிக் கம்பியில் நடந்த அதே வீண்தான் காற்றிலும் நடக்கும்.

ஆப்ரம்சன் குழு பங்கீட்டையே தூக்கி எறிந்தது. ஒவ்வொரு முனையத்துக்கும் ஒரு ரேடியோ. எல்லோருக்கும் சேர்த்து இரண்டே அலைவரிசை. 407.350 மெகாஹெர்ட்ஸில் எல்லா முனையங்களும் மனோவாவை நோக்கிப் பேசும். 413.475-இல் மனோவா எல்லோருக்கும் பதில் சொல்லும். மனோவாவில் கேட்பதும் பதில் சொல்வதும் ஒரு ஹெச்பி 2100 சிறுகணினியின் வேலை. அதற்கு மெனெஹுனே என்று பெயரிட்டார்கள். ஹவாய்க் கதைகளில் இரவோடிரவாக வேலையை முடித்துவிட்டு மறைந்துபோகும் குள்ள மனிதர்களின் பெயர் அது. முனையத்தில் ஒரு வரி தட்டி முடித்ததும் அது பாக்கெட் என்ற தகவல் பொட்டலமாகிப் பறக்கும். காற்று காலியா என்று முனையம் பார்ப்பதில்லை. மெனெஹுனேவுக்குச் சேதமில்லாமல் வந்து சேர்ந்தால், கிடைத்தது என்று ஒரு சிறு பதில் வரும். பதில் வரவில்லையா, வழியில் யாருடனோ மோதியிருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்பு. அவ்வளவுதான் சட்டம்.

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதில்தான் இந்த ஏற்பாட்டின் உயிர் இருக்கிறது. மோதிய இருவரும் சரியாக ஒரு விநாடி பொறுத்தால், ஒரு விநாடி கழித்து இருவரும் மறுபடி மோதுவார்கள். அடுத்த விநாடியும் மோதுவார்கள். விடிய விடிய மோதிக்கொண்டிருப்பார்கள். அதனால் ஒவ்வொரு முனையமும் தன் காத்திருப்பைக் கண்ணை மூடிக்கொண்டு குலுக்கிப் போட்டு எடுக்கும். உனக்கு வந்த எண் வேறு, எனக்கு வந்த எண் வேறு, ஆகவே அடுத்த தடவை விலகிப் போய்விடுவோம். ஒழுங்கைக் கொண்டுவர ஒழுங்கின்மையைக் கருவியாக்கிய அந்தச் சிந்தனையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இதன் விலை என்ன என்று ஆப்ரம்சன் 1970-இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு பாக்கெட்டில் யாருக்கு, யாரிடமிருந்து என்ற விவரத்துக்கு 32 பிட். அதில் பிழை பார்க்க 16. எண்பது எழுத்து கொண்ட ஒரு வரிக்கு 640. அதில் பிழை பார்க்க இன்னொரு 16. ஆக மொத்தம் 704 பிட். விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் அது காற்றில் இருக்கும் நேரம் சுமார் 73 மில்லி விநாடி. என் பாக்கெட் பிழைக்க வேண்டுமானால், நான் தொடங்குவதற்கு முந்தைய 73 மில்லி விநாடியில் யாரும் தொடங்கியிருக்கக் கூடாது, தொடங்கிய பின் 73 மில்லி விநாடியிலும் யாரும் தொடங்கக் கூடாது. இதை நிகழ்தகவில் வைத்துப் பார்த்தால், அலைவரிசையின் நேரத்தில் அதிகபட்சம் நூற்றுக்குப் பதினெட்டு சொச்சம்தான் உருப்படியாகப் பயன்படும். ஐந்தில் நாலு பங்கு வெறுமையிலும் மோதலிலும் போய்விடும்.

பதினெட்டு என்று கேட்டால் தோல்வி மாதிரி இருக்கிறது. நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு அரை நிமிடத்துக்கு ஒரு பாக்கெட் என்று வைத்தால், இந்தப் பதினெட்டு சதவீதத்திலேயே சுமார் 75 பேர் ஒரே அலைவரிசையில் வேலை பார்க்கலாம். அதே 75 பேருக்கு அலைவரிசையைச் சமமாகப் பிரித்துக் கொடுத்திருந்தால், ஆளுக்கு விநாடிக்கு 128 பிட். ஒரு வரி போய்ச் சேர ஐந்தரை விநாடி. பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லாவிட்டாலும் அதே ஐந்தரை விநாடிதான். ஹவாய் முறையில் யாரும் இல்லாதபோது 73 மில்லி விநாடி. நெரிசல் உச்சத்தில் சராசரியாக மூன்று தடவைக்குச் சற்றுக் குறைவாக அனுப்ப நேரும். ஒவ்வொரு காத்திருப்பும் ஒரு விநாடி என்று வைத்தாலும், பெரும்பாலும் இரண்டு விநாடியில் வேலை முடியும். காற்றைச் சிக்கனமாகச் செலவழிப்பதைவிட, காத்திருக்கும் மனிதரின் நேரத்தை மிச்சப்படுத்துவது பெரிது என்று அந்தக் குழு முடிவு செய்திருக்கிறது. அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

ஆபத்தும் இருந்தது. பேசுகிறவர்கள் ஓர் அளவைத் தாண்டினால் மோதல் கூடும். மோதல் கூடினால் மறுபடி அனுப்புவது கூடும். அதனால் இன்னும் மோதல். கடைசியில் எல்லோரும் ஓயாமல் அனுப்பிக்கொண்டிருப்பார்கள், ஒன்றுகூடப் போய்ச் சேராது. 1972-இல் லாரி ராபர்ட்ஸ் ஒரு திருத்தம் சொன்னார். நினைத்த நேரத்தில் தொடங்காதே, பொதுவான ஒரு கடிகாரம் தட்டும்போது மட்டும் தொடங்கு. அப்போது பாக்கெட்டுகள் மோதினால் முழுசாக மோதும், இல்லையென்றால் முழுசாகத் தப்பும். ஓரத்தில் உரசிப் பாழாவது நின்றுபோகும். இந்த ஒரே திருத்தத்தில் பதினெட்டு முப்பத்தேழாக, சரியாக இரட்டிப்பானது.

இந்த ராபர்ட்ஸ்தான் இணையத்தின் மூதாதையான ஆர்ப்பாநெட்டை நடத்திக்கொண்டிருந்தவர். அவர் அலுவலகத்துக்கு ஆப்ரம்சன் போயிருந்தபோது கரும்பலகையில் அடுத்து எந்த ஊருக்கு இணைப்பு, எந்தத் தேதியில் என்று ஒரு பட்டியல் இருந்ததாம். ராபர்ட்ஸ் வெளியே போன நேரத்தில் ஆப்ரம்சன் அதில் அலோஹா என்று எழுதி, டிசம்பர் 17 என்று ஒரு தேதியும் போட்டுவிட்டு வந்தார். அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. தேதி நெருங்கியபோது, இணைப்புக் கருவி வரப்போகிறது, தயாரா என்று ஹவாய்க்குத் தகவல் வந்தது. ஆப்ரம்சனே பின்னாளில் சொன்ன கதை இது. 1972 டிசம்பரில் செயற்கைக்கோள் வழியாக அலோஹாநெட் ஆர்ப்பாநெட்டுடன் சேர்ந்தது.

என் நண்பரின் மகன் ஹோனலூலுவில் மொபைல் நெட்வொர்க் வேலையில் இருக்கிறான். ஒரு மத்தியானம் அவன் என்னை நூவானு பாலி மலைமுனைக்குக் காரில் கூட்டிப்போனான். அங்கே அடிக்கும் காற்றை நான் வேறெங்கும் கண்டதில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிகிறது. கார் நிறுத்துமிடத்தில் காட்டுக்கோழிகள் காற்றுக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தன. 1795-இல் கமெஹமெஹா மன்னரின் படை எதிரிகளைத் துரத்திவந்து இந்தச் செங்குத்தின் விளிம்பில்தான் வீழ்த்தியது. முன்னால் கைலுவாவும் கனேயோஹே வளைகுடாவும் வெயிலில் மின்னுகின்றன. பின்னால் மலைக்கு அந்தப் பக்கம் ஹோனலூலு. நடுவில் கோஒலாவ்.

"மாமா, மலைக்கு இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன் ரேடியோ வச்சிருக்கான்னு வைங்க," என்றான். காற்றில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. "இவன் பேசுறது அவனுக்குக் கேக்காது. அவன் பேசுறது இவனுக்குக் கேக்காது. உச்சியில டவர் இருந்தா அதுக்கு ரெண்டும் கேக்கும். ரெண்டு பேரும் நல்ல பிள்ளைங்க, காது குடுத்துக் கேட்டுட்டு, யாரும் பேசலைன்னு தெரிஞ்சுதான் பேசுறாங்க. ஆனா டவர்ல கொலிஷன்."

நெட்வொர்க்குக்காரர்கள் இதை மறைந்த முனையச் சிக்கல் என்கிறார்கள். பாடப் புத்தகத்தில் மூன்று வட்டம் போட்டு விளக்கியிருப்பார்கள். இந்த மலை முதுகில் நின்று இரண்டு பக்கமும் ஒருதரம் பார்த்தால் வட்டமே வேண்டாம். மற்றவன் பேசுகிறானா என்று கேட்டுவிட்டுப் பேசு என்ற நல்ல யோசனையை அலோஹா ஏன் நம்பியிருக்கவில்லை என்பதும் அங்கே விளங்கியது. 407-இல் பேசி 413-இல் கேட்கும் முனையங்களுக்குத் தங்களில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்பதே இல்லை. மலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை ஒன்றுக்கொன்று செவிடு. அப்படி இருந்தும் அந்த ஏற்பாடு நடந்தது. பதில் வந்ததா இல்லையா என்ற ஒரே தகவல் அவற்றுக்குப் போதுமாக இருந்தது.

ஒருவரையொருவர் பார்க்க முடிந்தால் என்ன ஆகும் என்பதற்கு வைகிக்கி அலைகளே பதில். மறுநாள் சாயங்காலம் கரையில் அலைச்சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விடும் பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அந்த ஊரிலும் வயதானவர்களை எல்லோரும் அங்கிள், ஆண்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள். கடலுக்குள் இருபது முப்பது பேர் பலகை மேல் உட்கார்ந்து ஒரே அலைக்குக் காத்திருந்தார்கள். யார் எதில் ஏறுவது என்று எப்படித் தீர்மானிக்கிறீர்கள் அங்கிள் என்று கேட்டேன். "அலை எங்கே முதலில் உடைகிறதோ, அதற்குக் கிட்டே இருப்பவனுக்குத்தான் அந்த அலை," என்றார். "மற்றவன் பார்த்து ஒதுங்கணும். பார்க்காமல் குறுக்கே இறங்கினால் இரண்டு பேரும் விழுவார்கள்." சொல்லி வாய் மூடவில்லை, ஓர் இளைஞன் குறுக்கே இறங்கினான். இரண்டு பேரும் நுரைக்குள் போனார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு தலைகள் தள்ளித் தள்ளி மேலே வந்தன. அலோஹாவின் அடுத்த தலைமுறை இந்த அலைக்காரர்களைப் போலத்தான் நடந்துகொண்டது. ஆப்ரம்சனின் கட்டுரையைப் படித்த பாப் மெட்காஃப் 1973-இல் ஸெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஈதர்நெட் என்ற கேபிள் வலையமைப்பை உருவாக்கினார். அதற்கு அவர் முதலில் வைத்த பெயரிலேயே அலோஹா இருந்தது. கேபிளில் மற்றவர் பேசுவது காதில் விழும். எனவே பேசுமுன் கேள், பேசும்போதும் கேள், மோதினால் உடனே நிறுத்து என்று அவரால் சட்டம் போட முடிந்தது.

வைஃபைக்கு அந்த வசதி இல்லை. தான் பேசும் சத்தத்தில் மற்றவர் சத்தம் அதன் காதில் ஏறாது. ஆகவே அது பேசுமுன்பே பணிவாக இருந்துகொள்கிறது. காற்று அமைதியானதும் ஒரு எண்ணைக் குலுக்கி எடுத்து, அதிலிருந்து இறங்குமுகமாக எண்ணுகிறது. நடுவில் யாராவது பேசினால் எண்ணுவதை நிறுத்திக் காத்திருக்கிறது. பூச்சியம் வந்தால் பேசுகிறது. பதில் வராவிட்டால், அடுத்த தடவை குலுக்கும் எண்களின் எல்லையை இரட்டிப்பாக்கிக்கொள்கிறது. நெரிசல் கூடக் கூட எல்லோரும் தாமாகவே தள்ளித் தள்ளி நிற்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் வைஃபை திணறும்போது கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது இதுதான்.

கிளம்புவதற்கு முன்னால் நண்பரின் மகனிடம் ஒன்று கேட்டேன். இன்றைய மொபைல் கோபுரங்கள் யார், எப்போது, எந்த அலைவரிசைத் துண்டில் பேசுவது என்று மில்லி விநாடிக் கணக்கில் முறை வைத்து ஆள்கின்றன. இவ்வளவு ஒழுங்கு வந்த பிறகும் அந்தப் பழைய குலுக்கலுக்கு இடம் இருக்கிறதா?

"வாசல்ல இருக்கு மாமா," என்றான். "முறை வைக்கணும்னா டவருக்கு உங்களைத் தெரியணும். நீங்க வந்திருக்கீங்கன்னு நீங்கதான் சொல்லணும். அதைச் சொல்ல உங்களுக்கு இன்னும் முறை வரலையே. அப்ப என்ன பண்ணுவீங்க? குலுக்கிப் போட்டு ஒரு தரம் கத்திப் பாக்க வேண்டியதுதான்."

நாலாம் தலைமுறை (4ஜி) மொபைலில் ஒவ்வொரு கோபுரமும் அப்படிக் கத்துவதற்கென்று 64 அடையாளச் சிக்னல்கள் வைத்திருக்கிறது. ஃபோன் அதில் ஒன்றைக் குலுக்கி எடுத்து, கோபுரத்தின் கடிகாரம் காட்டும் நேரத்தில் அனுப்பும். இரண்டு ஃபோன்கள் ஒரே நேரத்தில் ஒரே சிக்னலை எடுத்துவிட்டால் கோபுரத்துக்கு ஆள் தெரியாது. ஒருவருக்கோ இருவருக்குமோ கதவு திறக்காது, கொஞ்சம் பொறுத்து மறுபடி குலுக்க வேண்டும். ராபர்ட்ஸின் கடிகாரமும் ஆப்ரம்சனின் பொறுமையும் அப்படியே அதில் இருக்கின்றன. ஆப்ரம்சன் 2020 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் காலமானார்.

திரும்பும் வழியில் டோக்கியோவில் விமானத்தின் சக்கரம் தரையைத் தொட்டதும், அறிவிப்பு முடிவதற்குள் இருக்கைக்கு இருக்கை ஃபோன்கள் உயிர்பெற்றன. முன்வரிசையில் ஒரு அம்மாள் ஃபோனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, இன்னும் சிக்னல் வரவில்லை என்று மகளிடம் குறைப்பட்டுக்கொண்டார். விமானம் முழுக்க ஒரே நேரத்தில் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தது. அவருக்கு மூன்றாவது நான்காவது குலுக்கலில் கிடைத்திருக்க வேண்டும். விமானம் நிலையத்தை ஒட்டி நிற்பதற்குள் ஊருக்கு ஃபோன் போட்டு, இறங்கிவிட்டோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.